வரைவில் ஓடிய பேனா

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ரயில்வே தோழர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அமெரிக்கக்காரரைப் பற்றி. குழாயில் தண்ணீர் வரவில்லை, நாலா அடைத்துக் கிடக்கிறது, இதில் அமெரிக்கக்காரன் கதை எதற்கு என்று முன்வரிசை அக்காமார் முணுமுணுப்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நாலாவுக்கும் வந்து சேருவோம்.

அவர் பெயர் ரிக் பில்ட்ஸ். மந்திரி அல்ல, தலைவர் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. அரசியல் சாஸ்திரம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். அறிக்கைகளைத் தொகுப்பது, வரைவு தயாரிப்பது, திருத்துவது, மேலே அனுப்புவது, இதுதான் அவர் வேலை. அதாவது, அந்தஸ்தும் சம்பளமும் எவ்வளவோ உயர்ந்ததாக இருந்தாலும், நம்மைப் போல் காகிதத்தோடு காலம் கழித்த மனிதர். விஞ்ஞானிகளைப் பற்றிப் பேச நமக்கு அருகதை இல்லை. மெட்ரிக்கோடு படிப்பு முடிந்தது. ஆனால் வரைவு என்றால் என்ன, திருத்தம் என்றால் என்ன, ஒரு வார்த்தை மாறினால் கோப்பின் தலையெழுத்து எப்படி மாறும் என்பது இருபது வருஷமாகக் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா?

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுவோம். நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் வரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது, சீதோஷ்ண நிலை மாறுகிறது என்று விஞ்ஞானிகள் வெகுகாலமாக எச்சரித்து வந்தார்கள். 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காக ஒரு சட்டம் போட்டது. அந்த நாடாளுமன்றத்துக்கு அங்கே காங்கிரஸ் என்று பெயர், நம் ஊர்க் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசாங்க இலாகாக்கள் சேர்ந்து ஆராய்ச்சி நடத்த வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவையாவது, இந்த மாற்றத்தால் நாட்டுக்கும் ஜனங்களுக்கும் என்ன நேரும் என்று மதிப்பீடு செய்து ஜனாதிபதிக்கும் காங்கிரசுக்கும் கொடுக்க வேண்டும். இதுதான் சட்டம். கையெழுத்துப் போட்டவர் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், அப்பா புஷ். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மகன் பின்னால் வருகிறார்.

1990-களின் தொடக்கத்தில் பிரதிநிதிகள் சபையின் விஞ்ஞானக் கமிட்டியில் வேலை பார்த்த பில்ட்ஸ், 1995-ல் இந்த ஆராய்ச்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்புக் காரியாலயத்துக்கு வந்தார். பதின்மூன்று இலாகாக்களின் வேலையை ஒன்று சேர்க்கும் இடம் அது. அங்கிருந்தபோதுதான் முதலாவது தேசிய மதிப்பீடு நடந்தது. பிரதேசம் பிரதேசமாகக் கூட்டம் போட்டு, விவசாயிகளையும் நீர்ப்பாசனம் பார்க்கிறவர்களையும் விஞ்ஞானிகளோடு உட்கார வைத்துப் பேசி, உங்கள் ஊருக்கு என்ன வரும், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுத் தயாரித்தார்கள். 2000-ஆம் வருஷக் கடைசியில் அது வெளிவந்தது.

2001 ஜனவரியில் மகன் புஷ் ஜனாதிபதியானார். மார்ச்சிலேயே கியோட்டோ ஒப்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் வேண்டாம் என்பது அரசாங்கத்தின் முடிவு. எதிர்க்கலாம், ஏசலாம், ஆனால் அது பகிரங்கமாக எடுத்த முடிவு. இன்னொரு காரியம் பகிரங்கமாக நடக்கவில்லை.

வெள்ளை மாளிகையில் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு கவுன்சில் உண்டு. அதன் தலைமை அலுவலராக ஃபிலிப் கூனி என்பவர் வந்து உட்கார்ந்தார். வக்கீல். விஞ்ஞானம் படித்தவரல்ல. அதற்கு முன்னால் எங்கே இருந்தார் தெரியுமா? அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட், அதாவது எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கம். அங்கே சீதோஷ்ண விவகாரத்தைக் கவனித்து வந்த குழுவுக்கே அவர்தான் தலைவர். நமக்குச் சங்கம் இருக்கிற மாதிரி முதலாளிகளுக்கும் சங்கம் உண்டு, தோழர்களே. ஆனால் நம் சங்கத்துத் தலைவரைத் தொழிலாளர் இலாகாக் கோப்பைத் திருத்த யாரும் கூப்பிட்டதில்லை!

பில்ட்ஸ் காரியாலயத்திலிருந்து வரைவு மேலே போகும். விஞ்ஞானிகள் பார்த்து, இலாகாக்கள் பார்த்து முடித்த வரைவு. திரும்பி வரும்போது கூனியின் கையெழுத்தில் திருத்தங்களோடு வரும். 2002-ல் ஒரு வரைவில், உயிரினங்களிலும் இயற்கையிலும் காணும் மாறுதல்களுக்குச் சீதோஷ்ணமே காரணம் என்று சொல்வது கடினம் என்றிருந்த இடத்தில், 'மிக மிகக் கடினம்' என்ற பொருளில் ஒரு வார்த்தை நுழைந்தது. மலைகளில் பனி குறையும், அதனால் தண்ணீர் வரத்தும் வெள்ளமும் எப்படி மாறும் என்று சொன்ன ஒரு பாரா முழுதும் கோடு போட்டு அடிக்கப்பட்டது. இதெல்லாம் ஊகம் என்று ஓரத்தில் குறிப்பு. சந்தேகங்கள் என்றிருந்த இடத்தில், பெரிய, அடிப்படையான சந்தேகங்கள் என்றானது. முதலாவது தேசிய மதிப்பீட்டைப் பற்றிய பேச்சையே அறிக்கைகளிலிருந்து எடுத்தார்கள். அதற்கு உழைத்தவர்களின் பாடு, பரணில் போட்ட பழைய பஞ்சாங்கம் ஆயிற்று.

இதில் என்ன பெரிய குற்றம், நாலு வார்த்தைதானே என்று கேட்பவர்கள் உண்டு. ரயில்வேயில் காஷன் ஆர்டர் என்று ஒரு காகிதம் இருக்கிறது. பாதையில் பழுது இருந்தால், இத்தனாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனாவது கிலோமீட்டர் வரை இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று டிரைவருக்கும் கார்டுக்கும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தில், 'பாதை பழுதாக இருக்கக் கூடும், எனினும் இதில் அடிப்படையான சந்தேகங்கள் உள்ளன, மேலும் ஆராய்ச்சி தேவை' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதில் பொய் என்று எதைச் சுட்டிக்காட்டுவீர்கள்? ஒரு பொய்யும் இருக்காது. ஆனால் டிரைவர் வேகத்தைக் குறைக்க மாட்டார். ஆயிரம் பேரைச் சுமந்த வண்டி முழு வேகத்தில் போகும்.

விஞ்ஞானிகள் சந்தேகமே எழுதக்கூடாது என்று பில்ட்ஸ் சொல்லவில்லை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நேர்மையான விஞ்ஞானி தனக்கு எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று தானே எழுதுகிறான். அந்தச் சந்தேகத்தை, எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கத்திலிருந்து வந்த வக்கீல் ஊதிப் பெரிதாக்குவதைத்தான் அவர் எதிர்த்தார். விஞ்ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன கொள்கை எடுப்பது என்பது அரசியல்வாதிகளின் வேலை. விஞ்ஞானம் என்ன சொல்லிற்று என்பதை மாற்றி எழுதுவது அவர்கள் வேலையல்ல. இதுதான் அவர் நிலை.

2003-ல் இன்னொரு கூத்து. சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா ஒரு பெரிய அறிக்கை தயாரித்தது. அதில் சீதோஷ்ணப் பகுதியை வெள்ளை மாளிகை வெட்டித் திருத்திய பிறகு, இதை வெளியிடுவதைவிட வெளியிடாமலிருப்பதே மேல் என்று இலாகா அந்தப் பகுதியையே எடுத்துவிட்டது.

பில்ட்ஸ் 2005 மார்ச்சில் ராஜினாமா செய்தார். அறுபதைத் தாண்டிய வயது. ராஜினாமா எல்லோராலும் ஆகிற காரியமல்ல. மாதச் சம்பளத்தில் ஊருக்குப் பணம் அனுப்புகிறவனிடம் போய் வேலையை விடு என்று சொல்கிற வீரம் நமக்கு வேண்டாம். ராஜினாமாவைவிட முக்கியமானது, திருத்தம் போட்ட காகிதங்களின் நகல் அவரிடம் இருந்ததுதான். உண்மையைச் சொல்லும் ஊழியர்களுக்கு வக்கீல் உதவி செய்யும் கவர்ன்மென்ட் அக்கவுன்டபிலிட்டி புராஜெக்ட் என்ற அமைப்பு அவருக்குத் துணை நின்றது. 2005 ஜூன் 8-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்தத் திருத்தங்களை வெளியிட்டது. இரண்டு நாளில் கூனி பதவியை விட்டார். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, முன்பே முடிவு செய்தது என்றது வெள்ளை மாளிகை. இருக்கட்டும். பதவியை விட்டவர் எங்கே போனார்? எக்ஸான் மொபில், உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்று. வந்த வழியே திரும்பிப் போனார், அவ்வளவுதான்.

2007 ஜனவரியில் பிரதிநிதிகள் சபைக் கமிட்டியின் முன் பில்ட்ஸ் சாட்சி சொன்னார். மார்ச்சில் கூனியும் வந்தார். தேசிய விஞ்ஞான அகாடமியின் 2001 அறிக்கையை வைத்தே திருத்தியதாகவும், ஜனாதிபதிக்கும் அவருடைய அரசாங்கத்துக்கும்தான் தன் விசுவாசம் இருந்தது என்றும் சொன்னார். அவர் பக்கத்தையும் சொல்லிவிட்டோம். கமிட்டி அந்த வருஷம் டிசம்பரில் கணக்குப் போட்டுக் காட்டியது. ஆராய்ச்சித் திட்ட ஆவணம் ஒன்றில் மட்டும், சந்தேகத்தைப் பெரிதாக்கக் குறைந்தது 181 திருத்தங்கள், மனிதனுடைய பங்கைச் சிறிதாக்கக் குறைந்தது 113 திருத்தங்கள். ஆக 294. இது ஒரு கை தவறிய திருத்தமா?

தேசிய மதிப்பீட்டை அமுக்கியதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஊழல் என்பது பில்ட்ஸின் கருத்து. நமக்கும் அதுவே சரியென்று படுகிறது. வார்த்தையைத் திருத்தினால் காகிதமாவது மிஞ்சும்; மதிப்பீடே இல்லையென்றால் ஜனங்கள் கையில் ஒன்றும் இல்லை. நாலு வருஷக் கெடு 2004-ல் முடிந்தும் அடுத்த மதிப்பீடு வரவில்லை. அப்பா கையெழுத்திட்ட சட்டத்தை மகனுடைய அரசாங்கம் மீறியது என்று 2007 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் 2008-ல் ஓர் அறிக்கை வந்தது. இரண்டாவது தேசிய மதிப்பீடு 2009-ல்தான் வந்தது.

பில்ட்ஸுக்கு 2006-ல் ரைடனவர் பரிசு கொடுத்தார்கள். வியட்நாமில் மை லாய் கிராமத்துப் படுகொலையைக் கேள்விப்பட்டு, அதை மேலிடத்துக்கெல்லாம் கடிதம் எழுதி வெளிக்கொண்டுவந்த சிப்பாய் ரான் ரைடனவர் பெயரில் உள்ள பரிசு அது. வேலையை விட்ட பில்ட்ஸ், அரசாங்கம் விஞ்ஞானத்தை எப்படி நடத்துகிறது என்று காவல் பார்க்கும் வேலையைத் தொடங்கி, 2014 அக்டோபரில் 71-ஆம் வயதில் காலமாகும் வரை அதை விடவில்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 2025 ஏப்ரலில், ஆறாவது தேசிய மதிப்பீட்டை எழுதிக்கொண்டிருந்த ஏறக்குறைய 400 பேரையும் டிரம்ப் அரசாங்கம் ஒரே கடிதத்தில் விடுவித்தது. கூனி காலத்தில் பேனா பிடித்துத் திருத்தவாவது ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இப்போது நாலாவுக்கு வருவோம், அக்கா.

அதே 2005-ஆம் வருஷம் ஜூலை 26. இந்த பம்பாயில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கொலாபாவில் முக்கால் நூறுகூட இல்லை. அவ்வளவு மழை வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெள்ளை மாளிகைப் பேனாதான் அந்த மழையைக் கொண்டுவந்தது என்று நாம் சொன்னால் அது புளுகு. சொல்ல வேண்டியது வேறு. மாடி வீட்டுக்காரனுக்கு எச்சரிக்கை தாமதமானால் கார் நனையும். மித்தி ஓரத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுப்பவனுக்குத் தாமதமானால் பிள்ளை போகும். எச்சரிக்கையில் ஒரு வார்த்தை மெலிந்தால் யார் தலையில் விழும் என்பது இதுதான்.

அதே வருஷம் ஜூனில்தான் நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தது. அடுத்த வருஷமே, 2006-ல், கோப்பில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளை ஜனங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை என்று சட்டத்தைத் திருத்தப் பார்த்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது, கைவிட்டார்கள். ஏன் அந்தக் குறிப்புகள் மேல் அவ்வளவு பயம்? பில்ட்ஸ் கதையைக் கேட்ட பிறகு உங்களுக்கு விளங்கும். அச்சடித்த அறிக்கையில் ஆள் தெரியாது. வரைவில்தான் யார் கை எங்கே ஓடியது என்று தெரியும். அங்கே ஒருவர் வேலையை விட்டு நகலை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே பத்து ரூபாயில் கேட்கச் சட்டம் இருக்கிறது. கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை, அலைய வைப்பார்கள். அலையப் பழகியவர்கள்தானே நாம்.

நம் நாலாவை மழைக்கு முன் தூர்வார என்ன மதிப்பீடு முதலில் எழுதினார்கள், அது மேலே போய் எவ்வளவாக வந்தது, நடுவில் குறைத்தது யார் குறிப்பு? இதைக் கேட்டு விண்ணப்பம் எழுத, கூட்டம் முடிந்ததும் நம் தோழர்கள் அந்த மேஜையில் உட்காருகிறார்கள். மராத்தியில் எழுதத் தெரிந்த இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மகாராஷ்டிர விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம், அதுவும் 150 வார்த்தைக்குள். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டு அட்டை உள்ளவர்கள் அதன் நகலைக் கொண்டுவந்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். கொடுக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகலில் வார்டு ஆபீஸ் முத்திரை வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.