இரும்புக்கை மாயாவியும் என் தாயும்



இலக்கியம் பேசும் இவ்வவையில் ஒரு படக்கதையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். என்னைத் தமிழ் வாசகனாக்கியது அதுதான். அந்த நன்றியை இங்கே சொல்வது முறையெனக் கருதுகிறேன்.

1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் அத்தொடர் தொடங்கியது. ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஹெசுஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயி கிராண்டேல் ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். அந்தக் கை மட்டும் தெரியும். 1972-இல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸ், தன் முதல் இதழாக அவனை 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் தமிழுக்குக் கொணர்ந்தது. ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்திருந்தால் 'எஃகு நகம்' என்றாகியிருக்கும். எந்தச் சிறுவன் அதைத் தேடிப் படித்திருப்பான்? 'மாயாவி' என்றதும், எங்கள் பாட்டிமார் கதைகளில் முன்பே பார்த்தவனைப் போல அவன் நெருங்கிவிட்டான்.

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் எங்கள் லயத்து வீடு இருந்தது. சம்பளம் போட்ட பின் ஈப்போ செல்லும் அப்பா, லகாட் சாலைப் பக்கமிருந்து பழைய இதழொன்று வாங்கி வருவார். தோட்டத்து மின்னாக்கி இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைவான். மின்சாரம் நின்றால் நாங்கள் அனைவரும் மறைவோம்! அதற்குள் படித்து முடிக்க வேண்டும் என்ற அவசரமே எனக்கு வாசிப்பு வேகத்தைத் தந்தது.

என் தாய் பால்மரம் சீவியவர், எழுத்தறியாதவர். நான் உரக்கப் படிக்க, படங்களைப் பார்த்தபடி கேட்பார். ஓரிரவு படித்த இதழில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. நான் கலங்கி நின்றேன். அம்மா சொன்னார்: "அவன் வீட்டுக்குத்தான்யா போயிருப்பான். கை மட்டும் தெரிஞ்சாப் போதாதா, பெத்தவளுக்கு அடையாளம் தெரியாதா?"

கதையை முடிக்கும் உரிமை படிப்பவருக்கும் உண்டு என்பதை அன்றே கற்றேன். மறுநாள் பள்ளியில் அந்த இதழை ஓர் ஆசிரியர் பறித்துக்கொண்டார். படிப்புக் கெட்டுவிடும் என்ற அக்கறையே காரணம். அவரை நான் குறை கூறேன். ஆயினும், தேர்வுக்காக அன்றி ஆசைக்காகத் தமிழைப் படித்த சிறுவன் அன்று குற்றவாளியாக நின்றான்.

ஆண்டுகள் பல கடந்து அக்கதை மறுபதிப்பாகக் கிடைத்தது. கடைசிப் பக்கங்களைப் படித்தேன். அதில் எந்தத் தாயும் இல்லை. அதைச் சொல்ல என் அம்மாவும் இல்லை. எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்தோடு, மாலையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வழக்கமும் போய்விட்டது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளையை மதிப்பெண் இல்லாத வாசிப்புக்கு ஒதுக்குங்கள். படக்கதையாயினும் கேள்வி கேளாமல் படிக்க விடுங்கள். மாணவர்களே, இன்றிரவு வீட்டில் ஒருவருக்கு ஒரு பக்கமேனும் உரக்கப் படியுங்கள். முடிவை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.