கெல்டியரின் வெள்ளிக் காசுகள்

காசைக் கையில் வாங்கும்போது நாம் அதன் மதிப்பை நோக்குகிறோமேயன்றி, அதிலுள்ள உருவத்தை நோக்குவதில்லை. உருவத்தையே உற்று நோக்கவேண்டிய சில பழங்காசுகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கி.மு. 359 முதல் 336 வரை மாசிடோனியாவை ஆண்டவன் இரண்டாம் பிலிப்பு, அலெக்சாந்தரின் தந்தை. சுமார் 14 கிராம் எடையுள்ள அவனது வெள்ளிக் காசின் ஒருபுறம், இலைமுடி சூடிய ஜூஸ் தேவனின் தலை. மறுபுறம் குதிரைமீது அமர்ந்த வீரன். அருகே கிரேக்க எழுத்தில் மன்னன் பெயர்.

தானியூபு ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த கெல்டியர் இக்காசைப் பார்த்துத் தாமும் அச்சடித்தனர். முதலில் அடித்தவை மூலத்தை ஒத்திருந்தன. நாளடைவில் உருவம் மாறிற்று. இலைமுடி மணிவரிசையாயிற்று, குதிரையின் மூட்டுகள் உருண்டைகளாயின, வீரன் சிற்சில கோடுகளாகக் குறுகினான், மன்னன் பெயரோ பொருளற்ற கீறல்களாய்த் தேய்ந்தது.

பழைய ஆராய்ச்சியாளர் பலர் இதனைக் கலையின் வீழ்ச்சி என்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. காசின் அச்சில் உருவத்தை இடவலம் மாற்றி, குழிவாகச் செதுக்கவேண்டும். அவ்வளவு சிறிய வட்டத்துள் வளைகோடுகளை இத்துணை ஒழுங்குடன் அமைத்தவன் கைத்திறன் அற்றவனாக இருத்தல் இயலுமா? அதே வளைகோடுகளை அம்மக்களின் வாளுறைகளிலும் கழுத்தணிகளிலும் காண்கிறோம். கிரேக்கனின் காசைத் தம் கண்ணால் கண்டு, தம் மரபில் வார்த்தனர் என்பதே பொருந்தும்.

பிரான்சின் வடமேற்கில் வாழ்ந்த கோரியோசொலீட்டர் என்னும் குடியினரின் காசுகளும் இதற்குச் சான்று. செம்பு கலந்த வெள்ளியாலான அவற்றில், சுருள்முடித் தலை ஒருபுறம். குதிரையும் அதன் கீழே காட்டுப்பன்றியும் மறுபுறம். அவ்வட்டாரத்தின் வேறு சில காசுகளில் குதிரைக்கு மனிதத் தலையே உண்டு. 2012-இல் ஜெர்சித் தீவில் ஏறத்தாழ 70,000 காசுகள் ஒரே குவியலாய் அகப்பட்டன, பெரும்பாலானவை இக்குடியினருடையவையே.

கி.மு. 58 முதல் 50 வரை கால் நாட்டை வென்றடக்கிய ஜூலியஸ் சீசர், அம்மக்களைப் பற்றி எழுதிவைத்தார். அவர்களோ தங்களைப் பற்றி நூல் எழுதி வைக்கவில்லை. வென்றவனின் ஏடு ஒருபுறமிருக்க, தோற்றவர் கையால் செதுக்கிய சான்று இக்காசுகளே. அவற்றைப் பிழைபட்ட நகல் என்று தள்ளினால், அவர்கள் பேசிய சில சொற்களையும் நாம் கேளாதவராவோம்.