கம்பி வழியும் காற்று வழியும்



நம் பிள்ளைகளுள் பலர் கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள மின்னணுப் பட்டறைகளில் பணி செய்கின்றனர். அவர்களுள் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். "மின்காந்த இணக்கச் சோதனையின் அறிக்கையில் 150 கிலோஹெர்ட்ஸ், 30 மெகாஹெர்ட்ஸ், 1000 மெகாஹெர்ட்ஸ் என்று எல்லைகள் உள்ளனவே, இவற்றை வகுத்தவர் யார், எதற்காக வகுத்தனர்?" என்பதே அவ்வினா. நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம். ஆயினும் பள்ளியில் அலைநீளம் கற்பித்த துணிவில் விடை கூற முற்படுகிறோம்.

நாம் மாணவராயிருந்த நாளில் கோவை வானொலியை 999 கிலோஹெர்ட்சில், மத்திய அலையில் கேட்போம். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கினால் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரப்பில் அமிழ்ந்துவிடும். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ் உராயும் இடத்தில் எழும் தீப்பொறியே அதற்குக் காரணம். தீப்பொறிக்கு ஒரே அதிர்வெண் என்பதில்லை. அது பல அதிர்வெண்களிலும் பரவி இரையும்.

இத்தகைய இரைச்சலிலிருந்து வானொலியைக் காப்பதற்கென்றே சி.ஐ.எஸ்.பி.ஆர். என்னும் பன்னாட்டுக் குழு 1934இல் பாரிஸ் நகரில் முதன்முறையாகக் கூடியது. ஐரோப்பாவின் நெடு அலை ஒலிபரப்பு ஏறத்தாழ 150 கிலோஹெர்ட்சில் தொடங்கும். நம் அறிக்கையின் முதல் எல்லையும் அதுவே. விளக்குகளை 9 கிலோஹெர்ட்சிலிருந்தே சோதிக்கின்றனர்.

30 மெகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். 999 கிலோஹெர்ட்சின் அலைநீளம் ஏறத்தாழ 300 மீட்டர். 30 மெகாஹெர்ட்சுக்குப் 10 மீட்டர். ஒன்றிரண்டு மீட்டர் மின்கம்பி 300 மீட்டர் அலையை வீசியெறிய வல்லதன்று. ஆதலால் கீழ் அதிர்வெண்களில் இரைச்சல் பெரும்பாலும் கம்பி வழியே ஊர்ந்து சுவரிலுள்ள பிளக்கிற்குச் செல்லும். அதனைக் கம்பியிலேயே அளக்கின்றனர். 75 மெகாஹெர்ட்சின் அலைநீளமோ 4 மீட்டர். அங்கே ஒரு மீட்டர் கம்பி கால் அலைநீளமாகி நல்ல ஏரியல் ஆகிவிடுகிறது. ஆகவே 30 மெகாஹெர்ட்சுக்கு மேல் கருவியை மேசைமேல் வைத்து, தொலைவில் ஏரியல் நிறுத்தி, காற்றில் வருவதை அளக்கின்றனர். முன்பு 1000 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தால் போதுமாயிருந்தது. கருவிகளின் உள்ளே ஓடும் துடிப்புகள் விரைவு பெற்றபின் பலவற்றை 6000 வரை அளக்க வேண்டியதாயிற்று.

நம்மிடம் பயின்ற ஒருவர் ஐ.டி.ஐ. முடித்து, எடைத்தராசு செய்யும் சிறு பட்டறையில் சேர்ந்தார். தராசைப் பெட்டியிலிட்டு, காந்திபுரத்தில் இரவுப் பேருந்து ஏறி, சென்னையில் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. (தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் 'சமீர்' என்னும் மைய அரசு நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இச்சோதனைகளைச் செய்கிறது. சமீர் 1984இல் தோன்றியது.) பெட்டியைச் சுமப்பவர் அவர், அறிக்கையைப் படிப்பவர் வேறொருவர். ஒருமுறை தராசு தேறவில்லை. மறுமுறை செல்வதென்றால் மீண்டும் கட்டணம். பட்டறையில் ஆளுக்கொரு காரணம் கூறினர். இவர் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 195, 260, 325 கிலோஹெர்ட்ஸ் என முகடுகள் நின்றன. இடைவெளி எங்கும் 65. மின்வழங்கியின் சில்லு நொடிக்கு 65,000 முறை திறந்து மூடுவது. அதன் இரண்டாம் மடங்கு 130. அது எல்லைக்கு வெளியே. மூன்றாம் மடங்கு 195. அதுவே எல்லைக்குள் வந்து அகப்பட்டது. அந்த எல்லையை எண்ணியே 65ஐ வடிவமைப்போர் விரும்புவர் என்பதும் பின்னர் அவருக்குத் தெரிந்தது! குற்றம் மின்வழங்கியிலே என்றும், இரைச்சல் கம்பி வழியே செல்கிறது என்றும் அவர் கூறினார். மின்சாரம் நுழையும் இடத்தில் தக்க சோக்கும் கண்டென்சரும் அமைத்தனர். அடுத்த முறை தராசு தேறியது. அவர் இன்றும் பெட்டியைச் சுமக்கிறார். ஆனால் அறிக்கை முதலில் அவர் கைக்கே வருகிறது. இதை அவரே நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்?

பிறர்க்கு இடையூறு செய்யாமை இச்சோதனையில் ஒரு பாதியே. பிறர் இடையூற்றைத் தாங்குதல் மறுபாதி. அங்கே கம்பி வழியாக 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை செலுத்துவர். 80க்கு மேல் ஏரியலால் வீசுவர். இங்கு ஏன் 30 இல்லை, 80 என்று கேட்பீர்கள். நீண்ட அலைகளை ஓர் அறைக்குள் எங்கும் சீராக நிரப்புவது கடினம். அலைபேசிகள் பெருகியபின் இதன் மேல் எல்லையும் 6000 மெகாஹெர்ட்ஸ் வரை சென்றுள்ளது.

வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில் நம் பழைய வானொலிப் பெட்டியை வைத்திருப்போம். மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, அலைபேசி சார்ஜர்களை ஒவ்வொன்றாக அருகே கொண்டுசென்று, எது மிகுதியாய் இரைகிறது என்று கேட்போம். வருவோர் தத்தம் சார்ஜரைக் கொண்டுவருக.