ஆற்று நடுவே சூடேறும் இன்ஜின்



நியூசிலாந்தின் தென்தீவில் வைமகரிரி, ரகாயா, ரங்கிடாடா என்று சில ஆறுகள் ஓடுகின்றன. தென் ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கி வருபவை. சமவெளிக்கு வந்ததும் அகலமான கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து, கூடி, மறுபடியும் பிரிந்து போகும். பல இடங்களில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இருக்காது. அடியில் விசிறி நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண மோட்டார் படகை அங்கே இறக்கினால் விசிறி கல்லில் அடிபட்டு உடைந்துபோகும்.

அதே தீவில் ஐரிஷ்மன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணையையும் கூடவே ஒரு பட்டறையையும் நடத்தியவர் பில் ஹாமில்டன். இப்படிப்பட்ட ஆறுகளுக்கென்றே 1950களில் ஒரு படகை உருவாக்கினார். படகின் அடிப்பகுதியில் ஒரு திறப்பு. அதன் வழியே தண்ணீரை உறிஞ்சும் பம்பு. உறிஞ்சிய தண்ணீரைப் பின்பக்கமாக, நீர்மட்டத்துக்கு மேலே பீய்ச்சுகிற குழாய்முனை. பீய்ச்சுகிற விசையில் படகு முன்னால் பாயும். அடியில் நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் கிடையாது. 1960-இல் இவருடைய ஜெட் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக் கடந்தன. 1977-இல் எட்மண்ட் ஹிலாரி வங்கக் கடலிலிருந்து புறப்பட்டு, நந்தபிரயாகைப் பக்கம் ஓர் அருவி வழிமறிக்கும் வரை கங்கையில் ஏறிப் போனதும் ஜெட் படகுகளில்தான்.

இவ்வளவு வல்லமையுள்ள படகு, ஆற்று நடுவே இன்ஜின் சூடேறி நின்றுவிட்டால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சுகிற தண்ணீரை இடமும் வலமும் திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். இன்ஜின் நின்றால் பீய்ச்சல் நிற்கும். அதன்பிறகு ஸ்டீயரிங்கை எவ்வளவு சுற்றினாலும் படகு கேட்காது, ஆறு இழுத்த இழுப்புக்குத்தான் போகும். ஆகவே சூடு காட்டும் முள் ஏறுவதைக் கண்டவுடன், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டம் தணிந்த கரையோரமாகப் படகைக் கொண்டுபோய்விட வேண்டும். அடுத்த திருப்பம் வரை போய்ப் பார்க்கலாம் என்று துணியக் கூடாது. நங்கூரமும் துடுப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இருக்கைக்கு அடியில் சாமான்களோடு சாமானாகத் திணித்து வைத்திருந்தால், அவசரத்துக்கு அவை இல்லாததற்குச் சமம்.

கரை சேர்ந்தாயிற்று. இனி கோளாறைத் தேடலாம்.

பெரும்பாலான ஜெட் படகுகளில் இருப்பது கார் இன்ஜின்தான். அதனால் பலரும் காரில் பழகிய வழக்கப்படி நேரே தெர்மோஸ்டாட்டைக் கழற்றப் போவார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். காரில் ரேடியேட்டர் தண்ணீர் மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகிறது. ஜெட் படகில் படகைத் தள்ளுகிற பம்பேதான் பெரும்பாலும் இன்ஜினுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. பீய்ச்சுகிற நீரில் ஒரு சிறு பங்கு ஒரு குழாய் வழியாகப் பிரிந்து வந்து, சில படகுகளில் நேரே இன்ஜினுக்குள் பாய்கிறது. வேறு சில படகுகளில் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போய், இன்ஜினில் சுற்றும் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. ஆக, ஆற்றில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் இன்ஜினுக்குள் வரப் பார்க்கும். பாசி, சருகு, மணல், வண்டல் எல்லாம்தான். எனவே தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறதோ அந்த வழியையே பிடித்துக்கொண்டு, ஆற்றுப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் இடம், படகின் அடியில் இருக்கும் கம்பித் தடுப்பு. பாசியோ பாலித்தீனோ அதில் அப்பிக்கொண்டால் பம்புக்குத் தண்ணீர் போதாது. அதன் அடையாளம் காதுக்கே கேட்கும். இன்ஜின் வீறிட்டுச் சுழலும், படகோ நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பம்பின் அழுத்தம் விழுந்துவிட்டதால் இன்ஜினுக்குப் போகும் குளிர்நீரும் அதோடு குறைந்துவிடும். சில படகுகளில் தடுப்பைச் சுரண்டுவதற்கென்றே ஒரு நெம்புகோல் இருக்கும். இல்லையென்றால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போது இன்ஜினை நிறுத்தினால் மட்டும் போதாது. சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, அதன்பிறகே கையை விட வேண்டும். உள்ளே சுழல்வது இம்பெல்லர், அதாவது பம்பின் விசிறி. விரல் போனால் போனதுதான்.

அடுத்தது மணல் வடிகட்டி. பனிமலை ஆறுகளின் தண்ணீர் சில நாட்களில் சாம்பல் நிறமாக இருக்கும். பனிப்பாறை கல்லை அரைத்து அரைத்துப் பொடியாக்கிவிட்ட வண்டல் அது. வடிகட்டியைத் திறந்து கழுவுவது எளிய வேலை. ஆனால் வடிகட்டியையும் தாண்டிப் போகிற நுண்மணல்தான் பொல்லாதது. ஆற்றுநீர் நேரே பாயும் இன்ஜினில், ஓட்டம் மெதுவாக இருக்கும் மூலையில், பெரும்பாலும் பிளாக்கின் கடைக்கோடியில் அடிமட்டத்தில், அது படிந்துகொண்டே வரும். இன்ஜின் ஆறியபின் பிளாக்கின் அடியில் இருக்கும் வடிகால் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் பொல பொலவென்று கொட்ட வேண்டும். ஒரு சொட்டும் வரவில்லையென்றால் உள்ளே தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு கெட்டிக் கம்பியை விட்டுக் குத்திக் கிளறினால் முதலில் களிமண் நிறத்தில் சேறு பிதுங்கும், பிறகு மணலும் துருவும் கலந்து வரும், அதன்பிறகுதான் தண்ணீர் வழிதிறந்து பாயும். கடைசி சிலிண்டர் ஏன் வெந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்தச் சேறே சாட்சி.

சூடு எப்போது ஏறுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தமாதிரி. ஐடிலில் ஏறி, வேகமெடுத்ததும் இறங்குகிறதா? மெதுவாகச் சுழலும்போது பம்பின் அழுத்தம் குறைவாக இருக்கும், இன்ஜினுக்குப் போதிய தண்ணீர் வந்து சேரவில்லை. ஐடிலில் சரியாக இருந்து, முழு வேகத்தில் ஏறுகிறதா? வழியில் எங்கோ பாதி அடைப்பு. மெதுவாகப் போகும்போது அந்தக் கொஞ்சத் தண்ணீர் போதும், உழைப்பு கூடினால் போதாது.

சூடு காட்டும் முள்ளை மட்டுமே நம்பவும் வேண்டாம். அதன் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். சுற்றியிருந்த தண்ணீர் வற்றிவிட்டால், இன்ஜின் கொதிக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். மேலே ஏறிய முள் சட்டென்று விழுந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாமல் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். அதைவிட நம்பகமானது குளிர்நீரின் அழுத்தத்தைக் காட்டும் அளவி. தண்ணீர் வருவது நின்றால், சூடு ஏறுவதற்கு முன்பே அது சொல்லிவிடும். என் படகாக இருந்தால் அந்த அளவியை ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக வைப்பேன்.

இனி இன்ஜின் நின்றுபோகும் விஷயம். சூட்டினால்தான் நின்றது என்று எல்லோரும் எண்ணுவார்கள். பல நேரம் அது உண்மை. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும், கார்புரேட்டருக்குச் சொட்டும் வராது. இக்னிஷன் காயிலும் சூட்டில் பலம் இழக்கும். ஆனால் சூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோளாறும் இதே வேடத்தில் வரும். பெட்ரோல் டேங்குக்குக் காற்று போகும் துவாரம் அடைபட்டால், இருபது நிமிடம் ஓடி இன்ஜின் திணறி நிற்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் மறுபடி கிளம்பும். அந்த இடைவெளியில் இன்ஜின் ஆறியும் இருக்கும், அதனால் பழி சூட்டின் மேல் விழுந்துவிடும். நின்றவுடனே டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் குற்றவாளி அதுதான்.

மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தங்கிவிடும். அங்கே ஒரு பொறி போதும், படகே பற்றிக்கொள்ளும். காற்று விட்டபின் ஸ்டார்ட்டரைத் தட்டுங்கள். இன்ஜின் தாராளமாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் பெட்ரோலையோ பொறியையோ பாருங்கள். சுற்றவே மறுத்தால் ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். பல ஜெட் படகுகளில் பம்பு இன்ஜினோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், இம்பெல்லரில் ஒரு கூழாங்கல் சிக்கினாலே இன்ஜின் அசையாது. இல்லையென்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம், பிஸ்டனே இறுகிப்போயிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெல்லச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த இன்ஜினை அதற்குமேல் ஒரு நிமிடமும் ஓட்டக் கூடாது.

அவசரத்தில் கொதிக்கும் இன்ஜின் மேல் ஆற்றுநீரை வாளியால் மொண்டு ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கொதிக்கும் வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விடும். கூலன்ட் தொட்டியின் மூடியையும் சூட்டோடு திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிடும். மூடியைத் தொட்டால் கை பொறுக்கும் வரை காத்திருப்பதுதான் வழி.

எதுவும் சரிவரவில்லை, இன்னொரு படகைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும் என்றால், மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். வேகமாக இழுத்தால், நின்றுபோன பம்புக்குள் ஆறே தண்ணீரைத் திணிக்கும். அந்தத் தண்ணீர் குளிர்நீர்க் குழாய் வழியாகப் புகைக்குழாயில் நிரம்பும். ஓடாத இன்ஜினில் அதை வெளியே தள்ளப் புகை இல்லை. அது பின்வாங்கிச் சிலிண்டருக்குள் இறங்கினால் சிறிய கோளாறு பெரிய செலவில் முடியும். நீர் ஸ்கூட்டர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். இழுக்கும் முன் குளிர்நீர்க் குழாயை ஒரு கிளாம்பு போட்டு இறுக்கிவிடுங்கள். கரைக்கு வந்து கோளாறைச் சரிசெய்தபின் இன்ஜினைக் கிளப்பும் முன் அந்தக் கிளாம்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாமல் இன்ஜின் மறுபடியும் சூடேறும்.