விவசாயியின் மனச்சுமை



விதை, உரம், பாசனம் பற்றியே இம்மேடையில் பேசி வந்துள்ளோம். இன்று விவசாயியின் மனத்தைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தபின், சாய்ந்த தென்னைகளைக் கணக்கெடுக்கச் சென்றோம். ஒரு பெரியவர் விழுந்த மரத்தின்மீது அமர்ந்திருந்தார். மரங்களை எண்ணினோம், படிவத்தில் கையொப்பம் வாங்கினோம். "ஐயா, உறங்கினீர்களா?" என்று கேட்டோமில்லை. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் அவர் எதனைச் சுமப்பார் என்று எண்ணியும் பார்த்தோமில்லை.

அச்சம் தோன்றுங்கால் அட்ரினலின், கார்டிசால் என்னும் சுரப்புநீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன, நாடி விரைகிறது. பாம்பைக் கண்டு விலகுவதற்கு இஃது உதவும். கடன் தவணையோ பாம்பைப்போல் ஓடி மறைவதில்லை. அந்நிலை நீடித்தால் உறக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், சினம் வீட்டார்மீது பாயும். இதைச் சோம்பல் என்று ஏசுதல் தகாது. மதுவோ உறக்கத்தை மேலும் கெடுக்கும்.

கிராம சபைக்குத் தவறாது வந்தவர் வராதொழிந்தால், அங்கத்தினர் ஒருவர் அவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்லவேண்டும். முதலில் செவிசாய்த்தல் போதும், புத்திமதி பிறகு. (அதிகாரிகளாகிய நாம் இதில் மிகவும் பின்தங்கியவர்கள்!) கடன் விவரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, கூட்டுறவுச் சங்கத்திற்கு உடன் செல்லலாம். உயிரை வெறுத்துப் பேசுவாராயின் தனியே விடாது, மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்க. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மனஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். இவ்வெண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.