சேர்த்து வைத்தது யாருடைய பெட்டியில்?



பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இணையத்தில் எதையாவது படிக்கிறோம். பிடித்திருந்தால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒரு செயலியில் போட்டு வைக்கிறோம். அந்த 'அப்புறம்' லேசில் வருவதில்லை. வந்தாலும் பக்கம் இருக்க வேண்டுமே! 2013-இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தே வருஷத்தில் காணாமல் போயிருந்ததாக, அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. புராஜெக்ட் அறிக்கையின் கடைசியில் வெறும் முகவரிகளை அடுக்கும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வைவாவில் தேர்வாளர் சொடுக்கிப் பார்த்தால் என்ன வரும்?

பக்கம் மட்டுமல்ல, பெட்டியே போவதும் உண்டு. கூகுள் நோட்புக் 2006-இல் வந்தது, 2012-இல் மூடப்பட்டது. 2007-இல் 'ரீட் இட் லேட்டர்' என்று பிறந்து, பிறகு மொசில்லா கைக்குப் போன 'பாக்கெட்'டுக்கு 2025 ஜூலை 8-ஆம் தேதி பூட்டு விழுந்தது. சேர்த்ததை இறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் கைக்கு வந்தது தலைப்பும் முகவரியும் கொண்ட பட்டியல். கட்டுரையின் வாசகம் அதில் கிடையாது. சாவிக்கொத்து வந்தது, வீடு வரவில்லை!

வானவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1945-லேயே 'மெமெக்ஸ்' என்று ஒரு மேசையைக் கற்பனை செய்தார். புத்தகம், கடிதம் எல்லாம் மைக்ரோஃபிலிமாக அதற்குள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நாமே தடம் போட்டுக்கொள்ளலாம், ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். மேசையைக் கட்டவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மேசை படிக்கிறவருடைய சொந்த மேசை.

அதற்குக் கிட்டத்தட்ட வருகிற கருவிகள் இன்று உண்டு. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த 'ஸோட்டெரோ' இலவசம். பக்கத்தின் நகலையே நம் கணினியில் எடுத்து வைக்கும். ஆசிரியர், ஆண்டு விவரங்களையும் கூடவே பிடித்துக்கொள்ளும் (சில சமயம் தப்பாக, ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது போதும். குறிப்பு எழுதுகிறவர்களுக்கு 'அப்சிடியன்'. ஒவ்வொரு குறிப்பும் சாதாரண எழுத்துக் கோப்பு. நாளைக்கே அந்த நிறுவனம் மூடினாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

எதைப் பிடித்தாலும் சேமிக்கும்போதே 'இது எனக்கு ஏன் வேணும்?' என்று இரண்டு வரி, சொந்த வார்த்தையில் எழுதிப்போடுங்கள். தமிழில் எழுதினாலும் தேடினால் கிடைக்கும். அந்த இரண்டு வரி எழுத வரவில்லையா, சேமிக்கவே வேண்டாம். பாதிக் குப்பை அங்கேயே நின்றுவிடும்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நூலகத்தில்தான் இருப்பேன். லேப்டாப்போடு வாருங்கள், ஸோட்டெரோவைப் போட்டுக் காட்டுகிறேன். பழைய பெஞ்சுக்காரர்களும் வரலாம்.