முதல்நூலும் வழிநூலும்



நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தினார் நன்னூலார். எபிரேய மறைக்கு மத்தேயு நற்செய்தியை வழிநூல் எனலாம். கடவுள் எகிப்திலிருந்து தம் மகனை அழைத்தார் என்று ஓசேயா கூறியபோது, மகன் என்றது அடிமைத்தளை நீங்கிய இசுரயேல் மக்களை. மத்தேயு அதனை எகிப்துக்குச் சென்று மீண்ட குழந்தை இயேசுவுக்கு உரியதாக்கினார். சொல் பழையது, பொருள் புதியது.

அந்த எகிப்துப் பயணத்தை வீரமாமுனிவர் தேம்பாவணியில் பாடினார். இடையே யோசுவாவின் வெற்றி முதலிய பழைய வரலாறுகளைக் கிளைக்கதைகளாக வைத்தார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரில் பெருக்கம் என்னும் பொருளுண்டு; அவர் வளன் ஆனார். யோவான் என்பதில் இறையருள் உண்டு. அவர் கருணையன் ஆனார். அக்காப்பியம் 19ஆம் நூற்றாண்டில் அச்சேறியது இதே புதுவையில்தான்.

ஆயினும் எடுத்தாள்வோர்க்கு ஒரு கடனுண்டு. 2ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் எழுதிய உரையாடல் நூலில், யூதராகிய திரிப்போவிடம், அம்மறை யூதர்க்கன்று, கிறித்தவர்க்கே உரியது என வாதிடுகிறார். வழிநூல் முதல்நூலைக் கைக்கொண்டு, உடையவரை வெளியேற்றிய இடம் அது. பின்னாளில் யூதர் அடைந்த துயரில் அவ்வெண்ணத்துக்கும் பங்குண்டு.

எடுத்தாளுக, எடுத்த இடத்தில் அச்சொல் இன்னும் உயிரோடிருப்பதை மறவற்க. ஓசேயாவை ஓசேயாவாகவே கற்றபின் மத்தேயுவைக் கற்பவரே இருவரையும் அறிவார்.